ஆச்சா தூணை மாட்டுக் கொட்டாய்க்கு நடலாமா?

கேள்வி: அண்ணா, நான் பென்னாகரம் பக்கம். தாத்தா கட்டுன ஓட்டு வீட்டை பிரிச்சதுல 6 தூண் வந்துச்சு, ஆச்சா மரம்னு அப்பா சொல்றாரு. மாட்டுக் கொட்டாய்க்கு நடலாம்னா ஆணியே இறங்கல, ஆசாரி இதை இழைக்கவே முடியாதுங்கறாரு. வித்துட்டு இரும்பு பைப் வாங்கிடலாமா? வரப்புல ரெண்டு ஆச்சா நிக்குது, அதையும் வெட்டலாமா?

பதில்: தயவுசெஞ்சு விக்காதீங்க தம்பி. இரும்பு பைப் மாட்டு மூத்திரம் பட்டுப்பட்டு தரையோட சேர்ற இடத்துலதான் மொதல்ல துருப்புடிச்சு ஓட்டையாகும், ஆச்சா வைரத்துக்கு, அதாவது மரத்தோட நடுவுல இருக்கிற கெட்டியான பாகத்துக்கு, அந்த பயம் இல்ல, கரையானும் அவ்ளோ லேசுல வாய் வைக்காது. ஒரு சின்ன துண்டு வெட்டி தண்ணில போட்டு பாருங்க, நல்ல வைரமா இருந்தா முங்கிடும். தேக்கு கன அடிக்கு 18, 19 கிலோ வந்தா இது 30 கிலோ தாண்டும், அதனால 5 இஞ்சு சதுரத்துல 8 அடி தூண்னா 40 கிலோவுக்கு மேல இருக்கும், தனியா தூக்கி இடுப்பை புடிச்சுக்காதீங்க. அதே வெயிட்டுனாலதான் மேல உத்தரத்துக்கு போட வேணாங்கறேன், தூணுக்கு மட்டும் வச்சுக்கோங்க.

ஆசாரி சொல்றது பொய்யில்ல, பச்சையா இருக்கும்போதே அறுத்திருக்கணும், காஞ்சுட்டா ரம்பம் மழுங்கிடும். இழைக்கவே வேணாம், கொட்டாய்க்கு எதுக்கு பாலிஷு? ஆணி அடிச்சா வளையும் இல்லன்னா மரம் வெடிக்கும், டிரில் போட்டு போல்ட் மாட்டுங்க.

ஒண்ணு மட்டும் கவனமா பாருங்க, ஓரத்துல வெளுப்பா இருக்கிற வெளிறு வைரம் மாதிரி தாங்காது, வண்டு துளைச்சு மாவா கொட்டும், மண்ணுக்குள்ள போற 2 அடிக்கு அதை செதுக்கி எடுத்துட்டு கருஞ்செவப்பு வைரம் மட்டும் நிக்கிற மாதிரி நடுங்க. பழைய இன்ஜின் ஆயில் பூசற பழக்கம் நம்ம பக்கம் இருக்கு, கொட்டாய்ல அது வேணாம், மாடு நக்கும்.

வரப்புல நிக்கிறதை ஏன் வெட்டணும்? அஞ்செட்டி பக்கம் கன்னடக்காரங்க கமரான்னு சொல்ற மரமும் இதேதான், கல்லுக்காட்டுலயும் நிக்கும் ஆனா மெதுவாத்தான் வளரும், இன்னைக்கு நட்டா உங்க பேரனுக்குத்தான் வைரம். கோடையில தழையை கழிச்சு ஆடு மாட்டுக்கு போடலாம், எல்லாத்தையும் மொட்டையடிக்காம பாதியை விட்ருங்க. வெட்டியே ஆகணும்னா பட்டா நிலமா இருந்தாலும் மொதல்ல வனத்துறை ரேஞ்சர் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு கோடாலியை எடுங்க.