பக்கவாதம் வந்தவர் காலை வட்டமாக வீசி நடக்கிறார். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

இடது பக்கம் செயலிழந்து இரண்டு மாதமான அப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு நடக்கவைப்பதைக் குறைத்து, நிற்கவைப்பதைக் கூட்டுங்கள்.

முட்டி மடங்காமல் பாதமும் தொங்கினால் விரல் தரையில் இடிக்கும். அதைத் தவிர்க்கத்தான் இடுப்பைத் தூக்கிக் காலைச் சுற்றிக் கொண்டுவருகிறார். அதோடு, இடது காலில் எடை போடப் பயந்து வலது காலை அவசரமாக வைப்பார். அப்போது இடது தொடை பின்னுக்குப் போகாது. போகாவிட்டால் அடுத்த அடிக்கு முட்டி எளிதில் மடங்காது.

முதலில் நாற்காலியிலிருந்து எழும் பயிற்சி. இடது பாதம் வலதைவிட நான்கு விரற்கடை பின்னால் இருக்கட்டும். இரண்டு கையையும் கோத்து முன்னே நீட்டி, மூக்கு கால்விரலைத் தாண்டும்வரை குனிந்து எழச் சொல்லுங்கள். பத்து தடவை, காலையும் மாலையும். வலது பாதம் பின்னால் போய்விட்டால் வேலை முழுக்க நல்ல காலுக்கே போய்விடும். எழுப்புகிறேன் என்று இடது கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு இறங்கிவிடும். இடுப்பில் அகல பெல்ட் கட்டி அதைப் பிடியுங்கள். நீங்கள் நிற்க வேண்டியது அவருக்கு இடப்பக்கம், சற்றுப் பின்னால்.

எடை சரியாக விழுகிறதா என்று பார்க்க, எடை மெஷின் மேல் இடது காலையும், அதே உயரப் பலகையில் வலது காலையும் வைத்து நிற்கவையுங்கள். 60 கிலோ ஆள் என்றால் 30-ஐ நெருங்க வேண்டும்.

அது வந்தபின், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு வலது காலை மட்டும் நான்கு அங்குலப் படியில் வைத்து எடுக்கட்டும். இடது முட்டி பின்பக்கமாக வளைந்து பூட்டிக்கொண்டால் நிறுத்துங்கள். லேசாக மடங்கியே இருக்க வேண்டும்.

வலது கையால் உந்தி இடப்பக்கமே சாய்கிறார் என்றால் அது வேறு சிக்கல். எதிர்த்துத் தள்ளினால் இன்னும் உந்துவார். வலப்பக்கம் சுவரை வைத்து, தோளால் அதைத் தொடச் சொல்லுங்கள். பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்க்காமல் இப்படி உந்துபவருக்குக் கைத்தடி வேண்டாம்.

மற்றபடி கைத்தடி வலது கையில். உயரம், கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை வரை. தடி, இடது, வலது என்பதே வரிசை. பாதம் தொங்குவதற்கு ஏ.எஃப்.ஓ. ஸ்ப்ளின்ட் (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கிப் பிடிக்கும் கவசம்) போட்டால் வீச்சு பெரும்பாலும் குறையும். கழற்றியபின் சிவப்புத் தடம் 20 நிமிடத்தில் மறையாவிட்டால் அளவைத் திருத்த வேண்டும். ஹவாய் செருப்பு ஆகாது. படி ஏற நல்ல கால் முதலில். இறங்கத் தடியும் இடது காலும் முதலில்.