கேளுங்க சொல்றேன்: ஒரே சீசன்ல இண்டியானா எப்படி மாறிச்சு?

கேள்வி: என் பொண்ணு ப்ளூமிங்டன்ல, இண்டியானா யுனிவர்சிட்டில படிக்கிறா. 2024 சீசன்ல இருந்து ஃபோன் பண்ணாலே ஃபுட்பால் பேச்சு தான். புது கோச் வந்து எல்லாத்தையும் மாத்திட்டாருங்கிறா. ஒரே வருஷத்துல அப்படி மாறுமா சார்?

பதில்: மாறிச்சும்மா, உங்க பொண்ணு மிகையா ஒண்ணும் சொல்லல. அமெரிக்க காலேஜ் ஃபுட்பால்ல (நம்ம ஊர் கால்பந்து இல்ல, பந்தை கையில பிடிச்சு ஓடுற, எறியிற ஆட்டம்) பெரிய டீம்களுக்குள்ள அதிக தோல்வி கணக்கு வெச்சிருந்ததே இண்டியானா தான், 2021ல இருந்து மூணு சீசன்ல மொத்தமே 9 மேட்ச் தான் ஜெயிச்சிருந்தாங்க. அங்க கர்ட் சிக்னெட்டி வந்தாரு, ஆடுற பசங்களை எப்படி உங்க பக்கம் இழுப்பீங்கன்னு கேட்டப்போ, நான் ஜெயிப்பேன், கூகுள் பண்ணிப் பாருங்கன்னு சொன்னாரு. கேட்டவங்களுக்கு திமிரா தெரிஞ்சிருக்கும், ஆனா எனக்கு அது தன்னோட பழைய வெற்றிக் கணக்கை தெரிஞ்சவரோட பேச்சாத்தான் பட்டுது. அலபாமா யுனிவர்சிட்டில நிக் சேபன்ங்கிற பேர்போன கோச் கிட்ட அசிஸ்டன்ட்டா இருந்த மனுஷன், 50 வயசை தொடுற நேரத்துல அந்த வேலையை விட்டுட்டு, அவங்க அப்பா முன்னாடி கோச்சா இருந்த ஒரு சின்ன காலேஜுக்கு ஹெட் கோச்சா போனாரு. அங்க இருந்து ஈலான் யுனிவர்சிட்டி, அப்புறம் ஜேம்ஸ் மேடிசன் யுனிவர்சிட்டி, போன இடமெல்லாம் ஜெயிச்சாரு.

இண்டியானாவுக்கும் தனியா வரல. ஜேம்ஸ் மேடிசன்ல அவர்கிட்ட ஆடின பசங்க 13 பேர் கூடவே வந்துட்டாங்க, இப்பல்லாம் காலேஜ் மாறினா ஒரு வருஷம் சும்மா உக்கார வேண்டியதில்ல, உடனே ஆடலாம். அய்டன் ஃபிஷர், எலைஜா சாரட் எல்லாம் அப்படி வந்தவங்க தான். அவர் எப்படி பிராக்டிஸ் வைப்பாரு, எதுக்கு கோவப்படுவாருன்னு தெரிஞ்ச பசங்க ரூம்ல இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி தானே, மத்தவங்க அவங்களைப் பார்த்தே கத்துக்குவாங்க. முதல் 10 மேட்சும் ஜெயிச்சு, மிச்சிகனை 20-15னு தாண்டினப்போ அந்த காலேஜ் வரலாத்துலயே முதல் தடவையா 10 வெற்றி. கடைசி லீக் மேட்ச்ல பரம எதிரி பர்டியூவை 66-0.

கேள்வி: லேசான டீம்களை தான் அடிச்சாங்க, பெரிய மேட்ச் ரெண்டுலயும் தோத்துட்டாங்கன்னு சொல்றாங்களே?

பதில்: தோத்தது உண்மை தான். ஆனா யார்கிட்டன்னு பாருங்க, ஒஹாயோ ஸ்டேட், நோட்டர் டாம், அந்த சீசன் ஃபைனல்ல ஆடினதே அந்த ரெண்டு டீம் தான். எனக்கு மறக்க முடியாதது நோட்டர் டாம் மேட்ச்ல முதல் குவாட்டர், அதாவது ஆட்டத்தோட முதல் கால்வாசி, இண்டியானா பந்தை எதிராளியோட கோல் கோடு வரைக்கும் கொண்டு போயிடுச்சு, அங்க எறிஞ்ச பந்தை நோட்டர் டாம் பையன் சேவியர் வாட்ஸ் பிடிச்சிட்டான், அடுத்த ஆட்டத்துலயே அவங்க டீம் ஜெரமையா லவ் ஒரு சந்து கிடைச்சு 98 கஜம் நிக்காம ஓடிட்டான். போட வேண்டிய டச்டவுன், அதாவது பந்தோட கோட்டைத் தாண்டி எடுக்கிற பாயிண்ட், நம்ம மேலயே விழுந்தா மனசு எப்படி இருக்கும் சொல்லுங்க. கடைசி குவாட்டர்ல 17 பாயிண்ட் பின்னாடி இருந்தும் சிக்னெட்டி பந்தை எதிராளிக்கே உதைச்சு குடுக்க வெச்சாரே, அது எனக்கு பிடிக்கல, பந்தை விடாம முன்னாடி போக ட்ரை பண்ணியிருக்கணும். முடிவு 27-17.

கேள்வி: குவாட்டர்பேக் பையன் அடிபட்ட காலோட ஆடினானாமே, நிஜமா?

பதில்: நிஜம் தான் தம்பி. கர்டிஸ் ரூர்க், கனடா பையன், குவாட்டர்பேக்னா பந்தை எறிஞ்சு டீமை நடத்துறவன். முழங்கால் லிகமென்ட் கிழிஞ்சிருந்துச்சுன்னு சீசன் முடிஞ்சப்புறம் தான் வெளிய தெரிஞ்சுது. நடுவுல நெப்ராஸ்கா மேட்ச்ல எறியிற கை கட்டைவிரல்லயும் அடி, அதுக்கு ஆபரேஷன், அப்பவும் ஒரே ஒரு மேட்ச் தான் உக்காந்தான். பர்டியூ மேல போட்ட 66ல ஆறு டச்டவுன் அவன் எறிஞ்சது, அந்த முழங்காலோட.