பழைய அமிகாவுக்கு எந்தக் கார்டு?

கேள்வி: அண்ணன் வைத்திருந்த அமிகா 1200 என்ற பழைய கமடோர் கம்ப்யூட்டர் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. ஆன் ஆகிறது, ஆனால் சத்தம் மெலிதாகத்தான் வருகிறது. பழைய விளையாட்டுகளை ஹார்ட் டிஸ்கில் ஏற்றி ஆட வேண்டும், சி மொழியில் சின்னச் சின்ன புரோகிராம்கள் எழுத வேண்டும். வேகம் கூட்ட 68030 பிராசசர் உள்ள கார்டு போதுமா, 68060 வாங்கவா?

பதில்: கார்டு இருக்கட்டும், முதலில் அந்தச் சத்தத்தைக் கவனியுங்கள். 1992-ல் வந்த இந்த மாடலின் மதர்போர்டில் உள்ள சின்ன எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் வயதானால் கசியும். பெரும்பாலும் ஆடியோ பகுதியில்தான் அது முதலில் தெரியும். கசிந்த திரவம் செப்புத் தடங்களை அரித்துவிடும். கெபாசிட்டர்களைச் சுற்றியுள்ள சால்டர் மங்கிப்போயிருந்தால் சந்தேகமே வேண்டாம், எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். சின்ன பாகங்களைச் சால்டர் செய்து பழக்கம் இல்லையென்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள். பாகத்தைச் சால்டர் செய்யும் செப்புத் திட்டான பேட் ஒன்று பிய்ந்து வந்துவிட்டால் சரிசெய்வது பெரும்பாடு. இதை முடிக்காமல் எந்தக் கார்டும் போட வேண்டாம் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

சரி, கார்டுக்கு வருவோம். உங்களுக்கு 68030 தாராளம். உங்கள் மெஷினில் இருப்பது 14 மெகாஹெர்ட்ஸ் 68இசி020 பிராசசர், கூடவே 2 எம்பி சிப் ராம். அந்த ராமைப் படம் வரையும் சிப்பும் ஒலிச் சிப்பும் பயன்படுத்துவதால், பிராசசர் தன் முறை வரும்வரை காத்துக்கிடக்கிறது. பிராசசருக்கென்று தனியாக ஃபாஸ்ட் ராம் கொடுத்தாலே, அதே பிராசசர் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். ஃப்ளாப்பி விளையாட்டுகளை ஹார்ட் டிஸ்கிலிருந்து ஓட்டும் டபிள்யூஎச்டிலோடு என்ற மென்பொருளும் இந்த ஃபாஸ்ட் ராமைத்தான் எதிர்பார்க்கும். விளையாட்டு மட்டும்தான் என்றால், வெறும் 8 எம்பி ராம் கார்டே போதும் என்று சொல்லியிருப்பேன். அதிலும் ஒன்று உண்டு: 8 எம்பியும் போட்டால் பக்கவாட்டில் உள்ள, சின்ன கார்டுகளைச் செருகும் பிசிஎம்சிஐஏ ஸ்லாட்டின் முகவரிகளோடு மோதும். அந்த ஸ்லாட் வேண்டுமென்றால் கார்டில் உள்ள ஜம்பர் என்ற சின்ன இணைப்பை மாற்றி 4 எம்பியில் வைக்க வேண்டும்.

நீங்கள் புரோகிராம் எழுதப் போவதால் 68030 கேட்பது சரிதான். ஆனால் இசி என்ற எழுத்துகள் இல்லாத, நினைவக முகவரிகளை நிர்வகிக்கும் எம்எம்யூ பகுதி உள்ள சிப்பாகப் பார்த்து வாங்குங்கள். உங்கள் புரோகிராம் தவறான முகவரியைத் தொடும்போது பிடித்துக் காட்டும் என்ஃபோர்சர் போன்ற கருவிகள் எம்எம்யூ இல்லாமல் ஓடாது. சி எழுதுபவருக்கு அது பெரிய துணை.

68060 அருமையான சிப். ஆனால் முழுச் சிப், தசமக் கணக்குப் போடும் எஃப்பியூ இல்லாத எல்சி, எஃப்பியூ, எம்எம்யூ இரண்டுமே இல்லாத இசி என்று மூன்று வகை உண்டு. மேலே உள்ள எழுத்தைச் சுரண்டி, முழுச் சிப் என்று அச்சடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். ஓட்டிக் காட்டாமல் விற்கும் 68060-ஐத் தொடாதீர்கள்.

அப்புறம் பவர் சப்ளை. 1200-உடன் வந்த லேசான அடாப்டர் 5 வோல்ட்டில் 3 ஆம்பியர்தான் தரும். கார்டும் ஹார்ட் டிஸ்கும் சேர்ந்தால் மின்னழுத்தம் இறங்கி, மெஷின் காரணமே இல்லாததுபோல் ரீசெட் ஆகும். கார்டைக் குறைசொல்லும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பழைய கார்டு வாங்கினால், கடிகார பேட்டரி கசிந்திருக்கிறதா என்று இருபுறமும் போட்டோ கேளுங்கள்.

கேள்வி: அமிகா 500-ல் பைஸ்டார்ம் போட்டால் அது அமிகாவாகவே இருக்குமா?

பதில்: இருக்கும் என்பதுதான் என் கருத்து. அதன் பிராசசரான 68000 சிப்பைக் கழற்றி அந்த இடத்தில் பைஸ்டார்ம் போர்டைச் செருகுகிறோம். அந்தப் போர்டின் மேல் உள்ள ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர், பிராசசரின் வேலையை மென்பொருள் வழியாகச் செய்கிறது. படத்தையும் ஒலியையும் பழைய சிப்கள்தான் இன்னமும் தருகின்றன. 68000-ஐ இரு முனையிலும் மாற்றி மாற்றி மெதுவாக நெம்புங்கள், இல்லையென்றால் கால்கள் வளைந்துவிடும். கழற்றியதைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: கிக்ஸ்டார்ட் 3.1 (ராம் சிப்பில் அல்ல, ரோம் சிப்பில் உள்ள அடிப்படை மென்பொருள்) கொண்ட 1200-ல் 16 ஜிபி காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு போட்டேன். கடைசிப் பார்ட்டிஷனில் எழுதினால் முதல் பார்ட்டிஷன் கெடுகிறது. ஏன்?

பதில்: 3.1-ன் டிரைவரால் 4 ஜிபி வரைதான் எண்ண முடியும். அதற்கு மேலே எழுதினால், கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கி கார்டின் ஆரம்பத்தில் போய் எழுதிவிடும். எல்லாப் பார்ட்டிஷன்களையும் முதல் 4 ஜிபிக்குள் அடக்கி, மீதியைக் காலியாக விடுங்கள். கெட்ட பார்ட்டிஷனை மறுபடி ஃபார்மேட் செய்துதான் ஆக வேண்டும்.