நான்கு வயது மின்சார காரும் நூறு சதவீதப் பேட்டரியும்

கேள்வி: நான்கு ஆண்டுகளில் 58,000 கிலோமீட்டர் ஓடிய மின்சார கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. "கைபேசி பேட்டரி மாதிரிதான் இதுவும். ஐந்தாம் வருடம் படுத்துவிடும், புதிதாகப் போடும் செலவுக்கு வேறு காரே வாங்கிவிடலாம்" என்கிறார் என் மைத்துனர். தரகரோ, "பேட்டரி நலம் நூறு சதவீதம் என்று திரையிலேயே காட்டுகிறது, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? மழையில் சார்ஜ் போட்டால் ஷாக் அடிக்குமோ என்று வீட்டில் வேறு பயப்படுகிறார்கள்.

பதில்: இருவர் சொல்வதையும் கேட்காதீர்கள். மைத்துனர் பேச்சைக் கேட்டால் ஒரு நல்ல கார் கைநழுவும், அவ்வளவுதான். தரகர் பேச்சைக் கேட்டால் பணம் போகும்.

முதலில் மைத்துனர். பெரும்பாலான கைபேசிகளுக்குள் இருப்பது ஒரே ஒரு மின்கலம், அதாவது செல். அதைத் தினமும் கழுத்துவரை நிரப்புகிறோம், அடிவரை வடிக்கிறோம், தலையணைக்கு அடியில் சூடேற விடுகிறோம். காரின் பேட்டரி அப்படி அநாதையாக விடப்படுவதில்லை. இன்றைய பெரும்பாலான கார்களில் வரிசை வரிசையான செல்களுக்கு நடுவே குளிர்விக்கும் திரவம் ஓடுகிறது. செல்களை ஒரு கணினி ஓயாமல் கண்காணிக்கிறது. நீங்கள் நூறு சதவீதம் ஏற்றினாலும் உச்சியிலும் அடியிலும் கொஞ்சம் இடத்தை அது உங்களுக்குத் தெரியாமல் ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. ஒரு முழு சார்ஜில் 300 கிலோமீட்டர் ஓடும் கார் ஆயிரம் முறை நிரம்பி வடிந்தால் 3,00,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். நீங்கள் பார்த்த கார் இன்னும் இருநூறு முறைகூட நிரம்பி வடியவில்லை.

தவிர, பேட்டரி பொதுவாக ஒரு நாள் காலையில் திடீரென்று செத்துப்போவதில்லை. மின்சாரம் பிடிக்கும் குடம் மெல்லச் சிறுத்துக்கொண்டே வருகிறது. 300 ஓடியது 270 ஓடும், பிறகு 250 ஓடும்.

மைத்துனரின் பயத்துக்கும் ஒரு வேர் உண்டு. 2010 இறுதியில் விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை நிசான் லீஃப் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு கிடையாது. அமெரிக்காவின் அரிசோனா வெயிலில், பேட்டரியின் கொள்ளளவைத் திரையில் காட்டும் கட்டங்கள் இரண்டே ஆண்டுகளில் குறையத் தொடங்கின. 2012இல் அது பெரிய செய்தியானது. உரிமையாளர்கள் கொதித்த பிறகே கொள்ளளவுக்கும் உத்தரவாதம் கொடுத்தார்கள். அந்தக் கதைதான் இன்றுவரை உறவினர் வாய்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே, நீங்கள் பார்த்த காரின் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இருந்தால் அந்தக் கதையை மறந்துவிடலாம்.

இனி தரகர். நான்கு ஆண்டுகள் ஓடிய லித்தியம் பேட்டரி நூறு சதவீத நலத்தோடு இருக்க முடியாது. முதல் ஓரிரு ஆண்டுகளில் சற்று வேகமாகவும் பிறகு நிதானமாகவும் அது இறங்கும். நான்காம் ஆண்டில் தொண்ணூறை ஒட்டி நின்றால் நல்ல கார் என்பேன். நூறு என்று காட்டினால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பேட்டரியை யாரும் திறந்து அளப்பதில்லை. காரின் கணினி பல மாதங்கள் ஓட்டத்தைப் பார்த்து, "இந்தக் குடம் இவ்வளவுதான் பிடிக்கும்" என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சில கார்களில் மடிக்கணினியைச் செருகி அந்த நினைவை அழித்துவிடலாம். அழித்ததும் கணினி தன் பேட்டரி புத்தம் புதியது என்று நம்பிக்கொண்டு எல்லாக் கட்டங்களையும் நிறைத்துக் காட்டும். சில வாரங்கள் ஓடியபின் உண்மை தெரிந்து கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிழும். அதற்குள் தரகர் உங்கள் அழைப்பை எடுப்பதை நிறுத்தியிருப்பார்.

தரகர்களின் இன்னொரு கைவரிசை இதற்கு நேர் எதிரானது. அண்மையில் ஒருவர் என் பணிமனைக்குத் தன் காரைச் சுமைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு காலை கதவு திறக்கவில்லை, திரை இருட்டாக இருந்திருக்கிறது. பார்க்க வந்த தரகர், "பெரிய பேட்டரி போய்விட்டது, இனி இது பழைய இரும்பு விலைதான், பாவம் நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று முன்பணத்தை நீட்டியிருக்கிறார். நான் முன்மூடியைத் திறந்து அங்கிருந்த சிறிய பேட்டரியின் முனைகளில் மீட்டரை வைத்தேன். 9.4 வோல்ட். சாதாரண 12 வோல்ட் பேட்டரி, பெட்ரோல் காரில் இருப்பதைப் போன்றதுதான். பூட்டு, திரை, கணினி எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் கனத்த சுவிட்சுகளை மூடுவதற்கும் அதன் மின்சாரம் வேண்டும். சிறியது படுத்தால் பெரியது நிறைந்திருந்தும் கார் அசையாது. வேறு பேட்டரி வைத்தோம். இருக்கைக்கு அடியில் டக், டக் என்று இரண்டு சத்தம். திரை எரிந்தது. 71 சதவீதம் சார்ஜ். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. முன்பணத்தை வாங்கியிருந்தால் நல்ல காரைக் காயலான் கடை விலைக்குக் கொடுத்துவிட்டு, மின்சார கார் என்றாலே மோசம் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார்.

அப்படியானால் நீங்கள் எதை நம்புவது? மின்சார மீட்டரை. காரின் பேட்டரி புதிதில் எத்தனை கிலோவாட் மணி பிடித்தது என்று கையேட்டில் பாருங்கள். ஒரு கிலோவாட் மணி என்பது மீட்டரில் ஓடும் ஒரு யூனிட். 40 என்று வைத்துக்கொள்வோம். காரை 20 சதவீதம்வரை ஓட்டிவிட்டு, யூனிட் காட்டும் சார்ஜரில் 80 சதவீதம்வரை ஏற்றுங்கள். மெதுவான சார்ஜரே போதும். ஏறியது அறுபது சதவீதம், அதாவது பேட்டரி நலமாக இருந்தால் 24 யூனிட். வழியில் பத்தில் ஒரு பங்கு சூடாக வீணாகும். ஆகவே மீட்டரில் 26, 27 ஓடினால் பேட்டரி ஏறத்தாழப் புதிது. 24 ஓடினால் உங்கள் கார் வயதுக்கு ஏற்றபடி இருக்கிறது. 20தான் ஓடியது என்றால் குடம் முக்கால்வாசியாகச் சிறுத்துவிட்டது, திரை என்ன சொன்னாலும் சரி. இதற்கு ஒரு பகல் ஆகும். "அவ்வளவு நேரம் காரைக் கொடுக்க முடியாது" என்று தரகர் சொன்னால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது, எழுந்து வந்துவிடுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நல்ல கார்களையே இதில் தப்பாக எடைபோடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மின்சார கார் பேட்டரிகளில் பெரும்பாலும் இரண்டு சாதிகள். ஒன்று நிக்கல் கலந்தது. மற்றது இரும்பு பாஸ்பேட், எல்எஃப்பி என்பார்கள். கூரைமேல் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்து தண்ணீர் வரும் வேகத்தை வைத்துத்தான் மட்டத்தை ஊகிக்க வேண்டும். நிக்கல் தொட்டியில் மட்டம் இறங்க இறங்க வேகமும் குறையும், ஊகிப்பது எளிது. இரும்புத் தொட்டியிலோ தொட்டி நிறைந்தபோதும் கால்வாசியானபோதும் ஏறக்குறைய ஒரே வேகம்தான். கடைசி சில வாளிகளில்தான் சட்டென்று விழும். அந்த வேகத்துக்குத்தான் வோல்ட் என்று பெயர். எல்எஃப்பி செல்லில் அது 3.2, 3.3 என்று நடுவழி நெடுக அசையாமல் நிற்கும். எனவே கணினி குத்துமதிப்பாகச் சதவீதம் சொல்லிக்கொண்டு போகும். விளிம்புவரை ஒருமுறை நிரம்பினால்தான் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

"எண்பதுக்கு மேல் ஏற்றாதே" என்று எல்லோரும் ஒப்பிக்கும் அறிவுரை நிக்கல் வகைக்குச் சொன்னது. எல்எஃப்பி காருக்கு, அவ்வப்போது, சிலவற்றில் வாரம் ஒருமுறை, நூறுவரை ஏற்றச் சொல்லிக் கையேட்டிலேயே எழுதியிருக்கும். பழைய உரிமையாளர் அதைப் படிக்காமல் நான்கு ஆண்டுகளும் எண்பதிலேயே நிறுத்தியிருந்தால், காரின் சதவீதக் கணக்கு தாறுமாறாக இருக்கும். பேட்டரி நன்றாகவே இருக்கும், திரை பிதற்றும். அந்தக் காரில் 20லிருந்து 80 சோதனை செய்தால் உங்களுக்கும் தப்பான விடைதான் வரும். ஆகவே முதலில் நூறுவரை ஏற்றி, ஏற்றம் தானாக நிற்கும்வரை விடுங்கள். பிறகு பத்து சதவீதம்வரை ஓட்டிவிட்டு, மறுபடி நூறுவரை ஏற்றி யூனிட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறியது தொண்ணூறு சதவீதம் என்று கணக்குப் போடுங்கள். கார் எந்தச் சாதி என்பதைத் தரகரிடம் கேட்காதீர்கள், கையேட்டைத் திறந்து பாருங்கள்.

உத்தரவாதம் பற்றி ஒரு வார்த்தை. 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று பெரும்பாலான நிறுவனங்கள் பெரிய எழுத்தில் போடுகின்றன. கொள்ளளவு குறைந்ததற்காகக் கேட்டால், 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் அது செல்லும் என்பதைச் சிறிய எழுத்தில் போடுகின்றன. 71இல் நின்றால் உங்கள் பாடு. அது இரண்டாவது உரிமையாளருக்கு மாறுமா என்பதை நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

இதையெல்லாம் நீங்கள் ஏன் பார்க்க வேண்டியிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பேட்டரியின் நலத்தைக் கணிக்க வேண்டிய விவரங்கள் காரின் கணினிக்குள்ளேயே இருக்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் அவற்றைத் தன் பூட்டுக்குள், தன் மொழியில் வைத்திருக்கிறது. பல பேட்டரிகளில், ஒரு சில செல்கள் கெட்டால் அவை இருக்கும் தொகுதியை மட்டும் மாற்ற முடியும். முதல் லீஃப் பேட்டரியிலேயே அப்படிக் கழற்றக்கூடிய 48 தொகுதிகள் இருந்தன. ஆனாலும் சேவை மையத்துக்குப் போனால் முழுப் பேட்டரியையும் மாற்றச் சொல்கிறார்கள், அதுதான் அவர்களுக்குச் சுலபம். ஒவ்வொரு மின்சார கார் பேட்டரிக்கும் மின்னணுக் கடவுச்சீட்டு, அதாவது அதன் விவரங்களைச் சொல்லும் மின்னணுப் பதிவு, வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் செய்தது, அமலுக்கு வரக் குறித்த தேதி 2027 பிப்ரவரி. முதல் லீஃப் விற்று பதினாறு ஆண்டுகள் கழித்து!

மழைக்குப் பயப்பட வேண்டாம். பிளக்கைச் செருகியதும் மின்சாரம் பாய்ந்துவிடாது. காரும் சார்ஜரும் ஒரு மெல்லிய கம்பிவழி பேசி, இணைப்பு சரி என்று உறுதி செய்துகொண்ட பிறகே பாயும். மின்கசிவு தெரிந்தால் மின்சாரம் தானாக நின்றுவிடும். நான் பயப்படுவது வீட்டுச் சுவரில் இருக்கும் பழைய சாக்கெட்டுக்கும், அதில் தொங்கும் நீட்டிப்பு வயருக்கும்தான். மணிக்கணக்கில் அவ்வளவு மின்சாரத்தை இழுக்க அவற்றைச் செய்யவில்லை. நீட்டிப்பு வயரை அடியோடு விட்டுவிடுங்கள். சார்ஜ் போட்ட அரை மணி நேரத்தில் சுவர்ப் பிளக்கின் மேல் கையை வையுங்கள். சூடு பொறுக்க முடியவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.