மொட்டு வைக்காத கிறிஸ்மஸ் கள்ளி

கேள்வி: போன டிசம்பரில் கடையில் மொட்டும் பூவுமாக இருந்த கிறிஸ்மஸ் கள்ளி ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்த ஒரே வாரத்தில் பாதி மொட்டு கொட்டிவிட்டது. அதன்பிறகு செடி நன்றாக வளர்ந்தது. ஆனால் இந்த வருடம் நவம்பர் முடியப்போகிறது, ஒரு மொட்டுகூட இல்லை. வரவேற்பறை ஜன்னலோரம், ஹீட்டர் காற்று வரும் இடத்துக்கு மேலே வைத்திருக்கிறேன். கள்ளிதானே என்று தண்ணீரும் குறைவாகத்தான் விடுகிறேன். என்ன செய்யலாம்? அக்கா ஒரு கிளை கேட்கிறார், ஒடித்துக் கொடுக்கலாமா? (வாசகி, ஸ்காபரோ, ரொறன்ரோ)

பதில்: உங்கள் செடி ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது. அதற்கு இரவு போதவில்லை, அவ்வளவுதான்.

வரவேற்பறையில் பதினொரு மணிவரை விளக்கு எரியும், டிவி ஓடும். அந்த நேரமெல்லாம் செடிக்குப் பகல் கணக்கு. மொட்டு வைப்பதா, புதுத் தண்டு விடுவதா என்பதை இந்தச் செடி இரவின் நீளத்தைப் பார்த்தே முடிவு செய்கிறது. தினமும் 13 மணி நேரத்துக்குக் குறையாத தொடர்ச்சியான இருட்டு, ஏறக்குறைய 6 வாரத்துக்குக் கிடைக்க வேண்டும். பகலில் நல்ல வெளிச்சமும் வேண்டும்.

யாரும் மாலையில் புழங்காத ஒரு அறை இருந்தால் செடியை அங்கே ஜன்னலோரம் வைத்து விளக்கைப் போடாமல் விடுங்கள். ரொறன்ரோவில் ஒக்டோபர் நடுப்பகுதியிலேயே இரவு 13 மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறது, மீதியை இயற்கை பார்த்துக்கொள்ளும். தெருவிளக்கு நேராக உள்ளே அடித்தால் மட்டும் திரையை இழுத்துவிடுங்கள். அப்படி அறை இல்லாவிட்டால், மாலை 6 மணிக்கு ஒரு அட்டைப் பெட்டியால் மூடி, காலை 8 மணிக்கு எடுத்துவிடலாம். மறக்காமல் எடுங்கள். இப்போது தொடங்கினாலும் வீண்போகாது. கிறிஸ்மஸுக்கு வராது, பிப்ரவரி வாக்கில் பூக்கும்.

இருட்டோடு குளிர்ச்சியும் சேர வேண்டும். இரவில் 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது. 24 டிகிரிக்கு மேல் போனால் எவ்வளவு இருட்டு கொடுத்தாலும் மொட்டு வருவது சந்தேகம். அதனால் ஹீட்டருக்கு மேலிருந்து முதலில் எடுத்துவிடுங்கள். 10 முதல் 13 டிகிரி குளிரில் வைத்தால் இருட்டுக் கணக்கே பார்க்காமல் மொட்டு வைத்துவிடும். பால்கனி இருப்பவர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம். கோடையில் நிழலாக வெளியே வைத்து, செப்டம்பரில் இரவுக் குளிர் 10 டிகிரியை நெருங்கும்வரை அங்கேயே விட்டுவிட்டு, பிறகு உள்ளே கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்தது. உறைபனி மட்டும் படக்கூடாது.

இது பாலைவனக் கள்ளி அல்ல. தண்ணீரில் நம்மவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். பிரேசிலில் ரியோ டி ஜெனீரோவை ஒட்டிய ஈரமான மலைக்காடுகளில், மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும், மக்கிய இலையும் பாசியும் சேர்ந்த கொஞ்ச மண்ணில் வளரும் செடி. அங்கே குளிர்காலம் நெருங்கும் மே மாதத்தில் பூப்பதால் ஊர்க்காரர்கள் அதை மே மலர் என்கிறார்கள். கடைகளில் இன்று கிடைப்பவை பெரும்பாலும், தட்டையான தண்டுத் துண்டுகளின் ஓரத்தில் நண்டுக் கொடுக்கு மாதிரி கூரான பற்கள் உள்ளவை. இவை அமெரிக்காவின் தேங்க்ஸ்கிவிங் (நன்றி நவிலும் நாள்) பண்டிகையை ஒட்டி, நவம்பர் கடைசியில் பூக்கும். ஓரம் வளைவு வளைவாக மழுங்கியிருந்தால் அது பழைய கிறிஸ்மஸ் கள்ளி, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் உருவான கலப்பினம். பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

விரலை மண்ணில் ஒரு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். நாளுக்கு ஒரு கரண்டி ஊற்றும் பழக்கம் வேண்டாம். தொட்டியைச் சுற்றிக் கடைக்காரர் ஒட்டியிருக்கும் பளபளப்புத் தாளைக் கழற்றி எறியுங்கள். அதற்குள் நிற்கும் தண்ணீர்தான் பல செடிகளின் வேரை அழுகவைக்கிறது. தண்டு சுருங்கித் தொங்கினால் உடனே தண்ணீர் விடாதீர்கள். தண்ணீர் குறைந்தாலும் அப்படித்தான் தொங்கும், வேர் அழுகினாலும் அப்படித்தான் தொங்கும். முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

நுனியில் சிவப்பாக ஏதோ எட்டிப் பார்த்தால் மொட்டா தண்டா என்று குழப்பம் வரும். தட்டையாக விரிந்தால் புதுத் தண்டு. உருண்டு கூம்பினால் மொட்டு. மொட்டு தெரிந்தபின் இருட்டு தேவையில்லை, ஆனால் அங்கிருந்துதான் கவனம் வேண்டும். இடத்தை அடிக்கடி மாற்றினாலும், மண் ஒருநாள் வரண்டு மறுநாள் சேறானாலும், சூடான காற்று அடித்தாலும் மொட்டு கொட்டும். போன வருடம் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். பசுமைக்குடில் ஈரத்தில் வளர்ந்தது, டிசம்பர் குளிரில் காருக்குப் போய், நேராக ஹீட்டர் காற்றில் வந்து உட்கார்ந்தால் தாங்காது. பலர் கவனிக்காத இன்னொன்று: பழுக்கும் பழங்கள் விடும் எத்திலீன் வாயுவும் மொட்டை உதிர்க்கும். வாழைப்பழச் சீப்பு இருக்கும் மேசையில் இதை வைக்காதீர்கள்.

பூ முடிந்ததும் சில வாரம் தண்ணீரைக் குறைத்து ஓய்வு கொடுங்கள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை மாதம் ஒருமுறை நீர்த்த உரம் போதும். செப்டம்பரில் உரத்தை நிறுத்திவிட்டு, நுனியில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்கும் முற்றாத துண்டுகளைக் கிள்ளிவிடுங்கள். முற்றிய துண்டில்தான் மொட்டு வரும். பெரிய தொட்டிக்கு மாற்ற அவசரம் வேண்டாம், வேர் நெருங்கி இருப்பதே இதற்குப் பிடிக்கும்.

அக்காவுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் பூக்காலம் முடிந்து வசந்தத்தில். மூன்று துண்டு கொண்ட கிளையை இணைப்பில் பிடித்துத் திருகினால் சுத்தமாகக் கழன்றுவிடும், கத்தி வேண்டாம். இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, தேங்காய் நார்த்தூளும் பெர்லைட்டும் (தண்ணீர் வடிய உதவும் வெள்ளைப் பொரிகல்) கலந்ததில் அடித்துண்டு பாதி புதையும்படி ஊன்றச் சொல்லுங்கள். லேசான ஈரம் போதும். ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும். ஒரே தொட்டியில் மூன்று நான்கு கிளைகளாக ஊன்றினால் சீக்கிரம் அடர்ந்து நிற்கும்.