பிஷ்கெக்கில் முதல் குளிர்காலம்

தங்கச்சி, கணவருக்கு இங்கே மருத்துவக் கல்லூரியில் வேலை கிடைத்து அக்டோபரில் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்குக்கு வருவதாகவும், பாஷை தெரியாத ஊரில் 3 வயதுக் குழந்தையோடு பகலெல்லாம் எப்படித் தனியாகச் சமாளிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். 9 வருடத்துக்கு முன்பு எனக்கும் இதே பயம்தான்.

வருவதற்கு முன்பே எழுத்துகளைப் படித்துவிடுங்கள். கிர்கிஸ், ரஷ்யன் இரண்டுமே சிரிலிக் எழுத்துதான். ஆங்கில 'பி' போலத் தெரிவது 'ர்', 'எச்' போலத் தெரிவது 'ந்', 'சி' போலத் தெரிவது 'ஸ்'. தினமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். நான் முதன்முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தது 'அப்டேகா', மருந்துக்கடை. குழந்தைக்குக் காய்ச்சல் அடித்த ராத்திரி அந்தப் பலகைதான் கைகொடுத்தது.

அப்புறம் இரண்டு சொல். நம்மைவிட மூத்த ஆண் என்றால் 'பைக்கே', பெண் என்றால் 'எஜே'. நம் அண்ணா, அக்காவேதான். ஓஷ் பஜாரில் 'எஜே' என்று கூப்பிட்டு விலை கேளுங்கள், கடைக்கார அம்மாவின் முகமே மலர்ந்துவிடும். சீரகம் அங்கே 'ஸிரா', கொத்தமல்லி 'கின்ஸா'. காய்க்கும் பழத்துக்கும் குறைவே இல்லை. உளுந்து, புளி, காய்ந்த கறிவேப்பிலை மட்டும் ஊரிலிருந்து கொண்டுவாருங்கள்.

குளிர் ராத்திரியில் மைனஸ் 15 வரைகூடப் போகும். ஆனால் வீட்டுக்குள் நடுங்க வேண்டியதில்லை. அடுக்குமாடி வீடுகளுக்கு நகரத்து அனல் நிலையத்திலிருந்து வெந்நீர் குழாய் வழியாக வந்து, ஜன்னலடியில் இருக்கும் 'பத்தரேயா' என்கிற ரேடியேட்டரைச் சூடாக்கும். அதைத் திறந்துவிடுவது நம் கையில் இல்லை. அக்டோபர் கடைசியில், குளிர் வந்தும் சூடு வராத சில நாட்கள்தான் கஷ்டம். ஒரு சின்ன மின்சார ஹீட்டர் வாங்கி வையுங்கள். சூடு வந்ததும் காற்று வறண்டுவிடும். நான் ஈரத் துண்டைப் பத்தரேயாமேல் போட்டுவைப்பேன். தோசை மாவைப் பக்கத்தில் வைத்தால் விடிவதற்குள் பொங்கிவிடும்.

எனக்குக் குளிரைவிடப் புகையைத்தான் பிடிக்காது. டிசம்பர், ஜனவரியில் தனி வீடுகளில் நிலக்கரி எரிப்பார்கள். காற்று அசையாத நாளில் அந்தப் புகை ஊர்மேலேயே கிடக்கும். தெற்கே ஆலா-தோ மலை தெரியாத அளவுக்குப் புகை மூடியிருந்தால், அன்று குழந்தையைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகாதீர்கள். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

தனிமையைப் பற்றிக் கேட்டீர்களே. வந்த புதிதில் பக்கத்து வீட்டு எஜே டீ குடிக்க வந்தார். மேசையில் 'நான்' என்கிற வட்ட ரொட்டியைக் குப்புற வைத்திருந்தேன். அவர் எதுவும் சொல்லாமல் இரண்டு கையாலும் எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு, என் மகளுக்கு ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்தார். இங்கே ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக் கூடாது. அன்றிலிருந்து அவர் வீட்டுக் கதவை நான் தட்டாத வாரமே இல்லை. நீங்களும் வந்த முதல் வாரமே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள், கையில் ஒரு 'நான்' ரொட்டியோடு.