அப்டேட் செய்தால் மூட்டைக் கணக்கு மாயம்!

கேள்வி: எங்கள் அரிசி ஆலையின் தளம் வேர்ட்பிரஸில் (இணையதளம் நடத்த உதவும் மென்பொருள்) ஓடுகிறது. நெல் மூட்டைப் பதிவுக்கான நிரலைத் தீமின் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் கோப்புகளின் தொகுப்பு) ஃபங்ஷன்ஸ் கோப்பிலேயே எழுதியிருந்தோம். தீமை அப்டேட் செய்ததும் பதிவுப் பக்கம் காணவில்லை. பழைய பேக்கப் இருக்கிறது. என்ன செய்வது?
- வாசகர், மன்னார்குடி

பதில்: தீம் அப்டேட் ஆகும்போது அதன் ஃபோல்டர் முழுக்க மாற்றப்படும். உங்கள் வரிகளும் அதோடு போய்விடும். பேக்கப்பில் உள்ள தீமின் அதே பதிப்பைப் புதிதாக இறக்கி, இரண்டையும் டிஃப் கருவியில் (இரு கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டுவது) ஒப்பிடுங்கள். வேறுபடும் வரிகள்தான் உங்களுடையவை.

அவற்றைத் தனி ப்ளகின் (தளத்துக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரல்) ஆக்குங்கள். ப்ளகின்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு ஃபோல்டர், அதில் ஒரு பிஹெச்பி கோப்பு, தலைப்புக் குறிப்பில் ப்ளகினின் பெயர், அவ்வளவே போதும். ஃபங்ஷன்களின் (ஒரு வேலையைச் செய்யும் பெயரிட்ட நிரல் துண்டுகள்) பெயர்களுக்கு முன்னால் 'ஆலை_' போல உங்களுக்கென்று ஒரு முன்னொட்டு (ஆங்கில எழுத்தில்தான்) வையுங்கள். ஒரே பெயர் தீமிலும் ப்ளகினிலும் இருந்தால் தளமே படுத்துவிடும். படுத்தால் பதற வேண்டாம், எஃப்டிபி (சர்வரில் உள்ள கோப்புகளை நேரடியாகக் கையாளும் முறை) வழியாக ப்ளகின் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள், எழுந்துவிடும்.

பலர் சறுக்கும் இடம் வேறு. ப்ளகின் முதலில் ஏறும், தீம் பிறகுதான். தீமின் ஃபங்ஷனை ப்ளகின் எடுத்த எடுப்பில் கூப்பிட்டால் 'அப்படி ஒன்றே இல்லை' என்று பிழை வரும். அந்த அழைப்பை இனிட் ஹூக்கில் (தீமும் ஏறிய பிறகு வேர்ட்பிரஸ் நம் நிரலைக் கூப்பிடும் கட்டம்) மாட்டுங்கள்.

மூட்டைக் கணக்குக்கு டேட்டாபேஸில் தனி டேபிள் வையுங்கள். வேர்ட்பிரஸின் யூசர்ஸ் டேபிளில் கை வைக்காதீர்கள், விவசாயியின் யூசர் ஐடியை மட்டும் குறித்தால் போதும். நிறம், எழுத்துரு மாற்றங்கள் சைல்டு தீமுக்கு (மூலத் தீமைத் தொடாமல் மாற்றங்களை மட்டும் வைக்கும் துணைத் தீம்) போகட்டும்.

எல்லாவற்றையும் முதலில் நகல் தளத்தில் பாருங்கள். சம்பா அறுவடை நேரத்தில் மட்டும் இதில் இறங்காதீர்கள்.